அக்காவின் புதுக் கன்னம்

முகத்தை இழுத்துத் தைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறீர்களா? தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், பயப்பட ஒன்றுமே இல்லை. என் அக்கா செய்துகொண்டபோது கூடவே இருந்து பார்த்தவள் நான். அத்தானுக்கு ரத்தத்தைக் கண்டாலே தலை சுற்றும், அதனால் நானே போய் இறங்கிவிட்டேன்.

முதலில் முகம் உப்பிப்போகும். கண்ணைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறம் வரும். காதோரம் தையல், தலையைச் சுற்றிக் கட்டு. தலையணைகளை அடுக்கிப் பாதி உட்கார்ந்தபடிதான் தூங்க வேண்டும். குனியக் கூடாது, சிரிக்கவே கூடாது. எங்களுக்கு அதுதான் முடியவில்லை. நான் சூப் கொடுக்கப் போனால், "என் மூஞ்சியப் பாக்காதடி, சிரிப்பு வருது, தையல் பிரிஞ்சிடும்" என்பாள். சுவரைப் பார்த்துக்கொண்டே ஊட்டுவேன். ஸ்பூன் மூக்கில் போய் இடிக்கும். இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்போம். சின்ன வயதில்கூட நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இன்னொன்று, கன்னமும் காதும் மரத்துப்போகும். கிள்ளினாலும் தெரியாது. உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை ஹேர் டிரையரில் சூடான காற்று வைக்கவே கூடாது, சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது என்று டாக்டர் சொன்னார். என்னிடம்தான் சொன்னார். அக்கா அப்போது மயக்கம் தெளியாமல் இருந்தாள்.

வீக்கம் வடிந்ததும் அவளைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஓர் அழகு. ஒன்று சொல்கிறேன். அக்காவுக்குப் படிப்பு இருக்கிறது, வீடு இருக்கிறது, அத்தான் இருக்கிறார். எனக்கு இருந்ததெல்லாம் நான் சின்னவள் என்பது மட்டும்தான். "தங்கச்சியா? காலேஜ் பொண்ணு மாதிரி இருக்காங்களே" என்று அவளிடம் யாராவது சொல்வார்கள், எனக்கு அது ஒரு வாரத்துக்குப் போதும். ஒரு நாள் மருந்துக் கடையில், கடைக்காரர் ஒரு ஸ்டூலை அக்கா பக்கம் நகர்த்தி, "உங்க அம்மாவ உக்காரச் சொல்லுங்க, பாவம், எவ்ளோ நேரம் நிப்பாங்க" என்றார். அம்மா என்றது என்னை.

அக்கா வழியெல்லாம் சிரித்தாள். அத்தானிடம் சொல்லிச் சிரித்தாள், போனில் சித்தியிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். பிறகு தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "அம்மா, தலைய காய வச்சு விடும்மா" என்று என் முன்னால் உட்கார்ந்தாள்.

டிரையரை இருப்பதிலேயே அதிகச் சூட்டில் வைத்தேன். முடிக்குக் கொஞ்சம், கன்னத்துக்கும் காதுக்கும் நிறைய.

"சூடா இருக்காக்கா?"

"ஒண்ணுமே தெரியலடி. நல்லாக் காட்டு."

கடைக்காரர் மாதிரியே குரலை மாற்றிப் பேசிக் காட்டினாள். அவள் பேசப் பேசத் தோல் சிவந்தது, வெளுத்தது, பிறகு கொப்பளித்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அடுத்த கன்னத்துக்கு மாற்றினேன். ஒரு பக்கம் மட்டும் என்றால் பார்க்க நன்றாக இருக்காது.

கண்ணாடியைப் பார்த்ததும் அலறினாள். நான் அழுதேன், மறந்துவிட்டேன் என்றேன். டாக்டர் என்னைத் திட்டியபோது அக்காதான் குறுக்கே வந்தாள். "அவ வேணும்னே செய்வாளா? அவ என் தங்கச்சி, டாக்டர்" என்று என்னை அணைத்துக்கொண்டாள்.

வேண்டுமென்றுதான் செய்தேன்.

அடுத்த மாதம் தொடையிலிருந்து தோல் எடுத்துக் கன்னத்தில் வைக்கப் போகிறார்கள். இந்தத் தடவை இன்னும் அதிக நாள் மரத்திருக்குமாம். பார்த்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு இப்போதே இருப்புக்கொள்ளவில்லை. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள், பாசம் விடுமா?