பொட்டு வைத்த படம்

சூரியநெல்லியிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் அவர் தம்பியும் இருந்தார்கள். அம்மாவின் மடியில் சட்டம் போட்ட ஒரு வாலிபனின் படம்.

"என் மகனுக்கு யாரைக் கேட்டுடா பொட்டு வச்ச?"

"சிலோன்ல சண்டை முடிஞ்சு, நீ இங்க வந்து எத்தனை வருசமாச்சு அக்கா. செத்தவனுக்கு நாமதான செய்யணும்?"

"செத்தத நீ பாத்தியா? நான் என் கையால உசுரோட பட்டாளத்துக்கிட்ட ஒப்படைச்சேன். போர்க்குற்றக் கேசு போடப் போறோம்னு வெளிநாட்டு வக்கீலம்மா போன்ல கேட்டு அதைத்தான் எழுதிக்கிட்டாங்க. இந்தப் படத்தை அனுப்புனா எதிராளி என்ன சொல்லுவான்? ஆத்தாளே பொட்டு வச்சுக் கும்புடுறான்னு சொல்லமாட்டான்?"

"மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

அம்மா முந்தானையை எடுத்தார். தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வச்ச பொட்டை அழிக்காத அக்கா. பாவம்."

"கைய எடுடா."

எச்சில் தொட்டு அழுத்தித் துடைத்தார். காய்ந்த சந்தனம் சேலையில் உதிர்ந்தது. முருகா என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

தம்பி அக்காவின் சேலையில் கிடந்த சந்தனத்தைத் தட்டிவிட்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப ஆடி அமாவாசைக்குத் திதி?"

"திதி வேண்டாம். கோயிலுக்குப் போயி அவன் பேரு, நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை பண்ணிட்டு வா."