கோல்கீப்பருக்குப் போடாத கையெழுத்து

"நம்ம கோல்கீப்பர வேற கிளப்பு யாராவது இட்டுக்கினு போனா நல்லாருக்கும்" என்றார் என் எதிரே இருந்த பெரியவர். தங்கச் சுரங்கத்தை மூடிய வருடம் அது. கே.ஜி.எஃப்பிலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயில். பெரியவருடன் வந்த இளைஞர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, டேனியல் போனா நம்ம டீம்ல யாரு இருக்காங்க?"

"சனிக்கிழமையோட கிளப்பு மாற டைம் முடியுது. அதுக்குள்ள அவனுக்கு வேலையோட ஒரு எடம் பாக்கணும். அதுக்குத்தான் போறேன்."

"போன வருஷமே பெங்களூர்ல வேலை குடுத்து கூப்ட்டாங்களே."

"கூப்ட்டாங்க. செக்ரட்டரி நான்தானே, அவன விட்டுக்குடுக்க கையெழுத்து போடல. ஃபைனல் வருது, அடுத்த வருஷம் போலாம்டான்னேன். மைன்ஸு ஷாஃப்ட்ல அவனுக்கு வேலை இருக்குதே, இன்னா அவசரம்னு நெனச்சேன். ஃபைனலும் தோத்தோம், இப்ப மைன்ஸும் மூடிட்டாங்க."

"அந்த கிளப்புலயே கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டேன். வேற ஆள எடுத்துக்கினாங்க. டேனியலுக்கும் முப்பது ஆவப்போவுது."

"உங்கள அவன் ஒண்ணும் கேக்கலியா?"



"திட்டியிருந்தாகூட தேவலை. நேத்தும் மொத ஆளா கிரவுண்டுக்கு வந்து நெட்டு கட்டிக்கினு இருந்தான்."