ஆள் இருந்தால் வீடு

பகலில் தூங்குகிறவனுக்கு வீட்டில் முதலில் வேண்டியது இருட்டான ஓர் அறை. சமையலறை, மாடிப்படி எல்லாம் அப்புறம்தான். நான் குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிப்ட் பார்க்கிறவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து இதே வேலை. எங்கள் வாடகை அறையில் ஒரே ஒரு ஜன்னல், அதுவும் கிழக்குப் பக்கம். காலையில் நான் வந்து படுக்கும்போது வெயில் நேராக முகத்தில் வந்து உட்காரும். சுவருக்கு அந்தப் பக்கம் மிக்ஸி ஓடும். சொந்த வீடு என்று நான் ஆசைப்பட்டதெல்லாம் மேற்கே சின்ன ஜன்னல் வைத்த ஒரு அறைதான். பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

விசாரிக்க வந்ததும் நீங்கள் கேட்ட கேள்வி எனக்கு நினைவிருக்கிறது. பக்கத்திலேயே நின்ற உனக்கு ஒரு கீறல்கூட இல்லையே, அது எப்படி என்று கேட்டீர்கள். சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

வாடகை அறையில் நாங்கள் நான்கு பேர். நான், என் மனைவி, பாப்பா, மனைவியின் தம்பி. மச்சினன் டெலிவரி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு விபத்தில் லைசென்ஸ் போனது. பிறகு அக்கா வீட்டுக்கு வந்தவன் போகவில்லை. நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். செருப்புகளுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் படுப்பான். காலை நீட்டினால் கதவு திறக்காது. நான் காலையில் வந்து கதவைத் தள்ளினால் அவன் பாதத்தில் போய் இடிக்கும். "காலிங் பெல் அடிச்சாச்சு, எழுந்திருடா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்திருப்பான். பாப்பா தினமும் அதற்குச் சிரிப்பாள்.

அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஓரத்தில் எனக்கு ஒரு துண்டு மனை இருந்தது. அந்தத் தெருவில் எல்லோரையும் போல நானும் அனுமதி வாங்காமல்தான் கட்ட ஆரம்பித்தேன். பழைய விதியில் அனுமதி வாங்கியவன் எங்கள் தெருவில் யாரும் இல்லை. வரைபடம் கொடுக்க வேண்டும். அஸ்திவாரத்துக்கு ஒரு தடவை அதிகாரி வருவார். மேல்தளம் போடுவதற்கு முன்னால் வந்து கம்பி கட்டியிருப்பதைப் பார்ப்பார். தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுக் கம்புகளை எடுப்பதற்கு முன்னால் திரும்பவும் வருவார். வருவார் என்றால் வரமாட்டார் என்று அர்த்தம். அவருக்காகக் காத்திருந்தவர்களின் செங்கல்லில் செடி முளைத்தது. நாங்கள் அவரைத் திட்டாத நாள் இல்லை.

பிறகு விதியை மாற்றினார்கள். சின்ன வீட்டைத் தானே கட்டிக்கொள்கிறவன் வீட்டுக்கு இனி எந்த அதிகாரியும் நடுவில் வரமாட்டார். சரியாகக் கட்டினேன் என்று அவன் சொன்னால் போதும். கட்டுகிறவரை நம்புகிறோம் என்று பேனர் வைத்தார்கள். அதுவரை என்னை யாரும் எதற்கும் நம்பியதில்லை. அந்த பேனருக்குக் கீழே நான் கொஞ்ச நேரம் நின்றேன்.

அனுமதியில்லாமல் ஏற்கெனவே ஆரம்பித்தவர்களுக்கும் ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். ஒரு கடைசித் தேதி. அதற்குள் ஏதாவது ஒரு நாள், ஒரே ஒரு தடவை, வந்து பார்ப்பார்கள். அப்போது அது வீடாக இருந்தால் வீட்டு எண் கிடைக்கும். இல்லாவிட்டால் இடிக்கிற இயந்திரம் வரும்.

எது வீடு என்பதைச் சொல்ல ஒரு பெண் வந்தாள். கணக்கெடுக்கிறவள். கையில் டேப்லெட், தலையில் தொப்பி, சின்ன வயசு. தெரு முனையில் எங்களை நிற்க வைத்துச் சொன்னாள்.

"மேல கூரை இருக்கணும். கீழ முட்டு இருக்கக்கூடாது. முட்டு நின்னா அது கட்டடம், ஆள் இருந்தா அது வீடு. அவ்ளோதாங்க."

"ஆளுன்னா எத்தனை ஆளு?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் இருந்தாலும் சரிதாண்ணா. கட்டில், அடுப்பு, காயப்போட்ட துணி, அதெல்லாம் பார்ப்பேன். ஆள் இருந்த வீடுன்னா நாளைக்கு இடிஞ்சாக்கூட அதே இடத்துல திரும்பக் கட்டிக்கலாம். ஆள் இல்லாத கட்டடம் நல்லா நின்னாலும் போயிடும்."

"நின்னா போயிடும், இடிஞ்சா இருக்கும். நல்லா இருக்கு உங்க கணக்கு" என்றான் மச்சினன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. மனதில் எழுதிக்கொண்டேன்.

அப்போது என் வீட்டுக்குச் சுவர்தான் நின்றது. மழை பிடித்துக்கொண்டதால் தளம் போடுவது தள்ளிப்போனது. முன்னறையை நான் அகலமாக வைத்திருந்தேன். கொத்தனார் சுவர்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நடுவுல ஒரு பீம் ஓடணும்பா. அகலம் ஜாஸ்தி" என்றார்.

"பீம் வந்தா ரூம் குள்ளமாத் தெரியும்."

"யாராச்சும் வந்து கேட்டா?"

"இப்பதான் யாரும் வரமாட்டாங்களே."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு வழியாகத் தளம் போட்டபோது கடைசித் தேதி நெருங்கியிருந்தது. "மழைக்காலம். முட்டு மூணு வாரம் நிக்கட்டும், அதுக்கு மேல நின்னாலும் தப்பில்ல" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். மூன்று வாரம் என்னிடம் இல்லை.

எதிர் வரிசையில் ஒரு தையல்காரர் வீடு. அவர் முட்டுகளை எடுக்கவில்லை. கணக்கெடுக்கும் பெண் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள், சுவரில் சிவப்பு பெயின்டால் ஒரு குறி போட்டாள். சில நாள் கழித்து இயந்திரம் வந்து ஒரு காலைப்பொழுதில் வேலையை முடித்தது. தையல்காரர் தன் தையல் மெஷினைத் தெருவில் வைத்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் அதைப் பார்த்தேன். அவர் என்னிடம், "தளம் கல்லு மாதிரி இருந்துச்சுப்பா. ரெண்டு மணி நேரம் இடிச்சானுங்க" என்றார். அதில் ஒரு பெருமை இருந்தது.

அன்றைக்கே நான் முட்டுகளை எடுத்தேன், தனியாக. ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்குப் போனேன். கடைசிக் கம்பு எளிதில் வரவில்லை. மேலேயிருந்து யாரோ அழுத்திப் பிடித்திருப்பதுபோல இருந்தது. சுத்தியலால் தட்டித்தான் எடுத்தேன். பிறகு அண்ணாந்து பார்த்தேன். நடுவில் ஒரு கோடு ஓடியது, தலைமுடி அளவுக்கு. சிமென்ட் பால் கரைத்துப் பூசினேன். மேலே வெள்ளை அடித்தேன். வெள்ளை அடித்தபின் அறை மிகவும் அழகாக இருந்தது. கம்புகளையும் பலகைகளையும் வீட்டுக்குப் பின்னால் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினேன்.

இனி ஓர் ஆள் வேண்டும்.

மச்சினனிடம் கேட்டேன். கேட்டேன் என்பதுகூடச் சரியில்லை. "மாப்ள, உனக்கு ஒரு ரூம் ரெடி" என்றேன்.

"என்ன அத்தான், அரண்மனையா?"

"ராஜா நீதான். காலை நீட்டிப் படுக்கலாம்."

"அப்ப காலிங் பெல்லுக்கு என்ன பண்ணுவீங்க?"

என் மனைவி ஒன்றுதான் கேட்டாள். "அவனை மட்டும் ஏன் அனுப்பறீங்க? நாமளும் போயிடலாமே. வாடகையாவது மிச்சமாகும்."

"பாப்பாவுக்கு ஈரம் ஒத்துக்காது. வீசிங் வந்துடும். காயட்டும்" என்றேன். பாப்பாவுக்கு வீசிங் உண்டு, அது பொய்யில்லை.

அவன் ஒரு இரும்புக் கட்டில், ஸ்டவ், ரேடியோ, நான்கு சட்டைகளோடு போனான். கட்டிலை ஓரமாகப் போடப்போனான். நடுவில் போடச் சொன்னேன். தெருவிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே கட்டில் தெரிய வேண்டும். அந்தப் பெண் எப்போது வருவாள் என்று தெரியாது. இன்று வருவாள், நாளை வருவாள் என்று தெருவே காத்திருந்தது. மேலே தளத்தில் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தேன். புதுத் தளத்துக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். அந்த விஷயத்தில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. மழையும் தன் பங்குக்கு நிரப்பியது.

ஷிப்ட் முடிந்ததும் தினமும் முதலில் அங்கேதான் போவேன். தெருமுனைக் கடையில் டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். சொந்தத் தம்பிக்குக்கூட யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

"அத்தான், மேல டிக் டிக்குனு ஒரு சத்தம் கேக்குது" என்றான் ஒரு நாள்.

"பல்லியா இருக்கும்."

"பல்லி இவ்ளோ பங்க்சுவலா கத்துமா?"

"புதுத்தளம் காயும்போது அப்படித்தான். நீ ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வை."

இன்னொரு நாள் ஜன்னல் வழியே பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பு நின்றது. பின்னால் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து எடுத்து வந்து, தரைக்கும் தளத்துக்கும் நடுவே இறுக்கியிருந்தான். தெரியாமல் இருக்க அதில் சட்டையை மாட்டியிருந்தான்.

"அதை எடுத்துடு மாப்ள. அந்தப் பொண்ணு வந்துடப் போகுது."

"சட்டை மாட்டற கம்புன்னு சொல்லிக்கலாம் அத்தான். ஒண்ணே ஒண்ணுதானே?"

"தையல்காரர் வீட்டைப் பார்த்தேல்ல?"

அவன் கொஞ்ச நேரம் தளத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தச் சமயத்தில் அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். திரும்பவும் சிலிண்டர் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறேன் என்றிருக்கலாம். நான் தடுத்திருக்க மாட்டேன். ஆனால் அவன் கம்பைத் தட்டி எடுத்துவிட்டு, "அப்ப சட்டையை எங்க மாட்டறது?" என்று கேட்டான். என் பையில் ஓர் ஆணி இருந்தது. வாசலிலிருந்தே தூக்கிப் போட்டேன். அழகாகப் பிடித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியும் பாப்பாவும் அவனைப் பார்க்க வந்தார்கள். பாப்பா மாமா என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நிலைப்படியில் வைத்து அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. தோள் பிசகிக்கொண்டது. ஈரம் என்று சொன்னேன். அவன்தான் வெளியே வந்து அவளைத் தூக்கிக்கொண்டு சமாதானம் செய்தான்.

அது ஒரு காலையில் விழுந்தது. நான் டீயோடு நிலைப்படிக்கு வெளியே நின்றிருந்தேன். சத்தம் நீங்கள் நினைப்பதுபோலப் பெரிதாக இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டினால் வருமே, அவ்வளவுதான். பிறகு தூசி. பிறகு மேலே நிறுத்தியிருந்த தண்ணீர் வாசல் வழியாக என் காலை நனைத்துக்கொண்டு தெருவுக்குப் போனது. டீ பாதி கிளாஸ் அப்படியே இருந்தது.

கணக்கெடுக்கும் பெண் அன்று மதியமே வந்தாள். அவனை வெளியே எடுத்து முடித்திருந்தார்கள். கூட்டத்தில் யாரோ அவளிடம், இப்போது வேண்டாம்மா, போய்விடு என்றார்கள். நான்தான் கூப்பிட்டேன்.

"எழுதிக்கிட்டீங்களா?" என்றேன்.

"என்னதுண்ணா?"

"கூரை இருந்துச்சு. முட்டு இல்ல. ஆள் இருந்தான். தேதி இன்னும் தாண்டல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு டேப்லெட்டில் இரண்டு மூன்று இடத்தில் அழுத்தினாள். அடுத்த வாரம் நீல நிறத் தகட்டில் எண் வந்தது. இடதுபக்கச் சுவர் விழவில்லை. அதில் அடித்திருக்கிறார்கள். நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள்.

இப்போது புதுத் தளம் போட்டிருக்கிறேன், நடுவில் பீம் வைத்து. முட்டு எல்லாம் நிற்கிறது. முழுசாக நிற்கட்டும். எண் கிடைத்த வீட்டுக்கு அவசரம் இல்லை. பொறுமையாகக் கட்டினால் எதுவும் நன்றாகத்தான் வருகிறது. விதியின்மேல் எனக்குப் புகார் இல்லை. ஓர் அறை இல்லாதவனுக்கு நான் ஓர் அறை கொடுத்தேன். முடிந்தவரை நல்லதுதான் செய்தேன் என்று இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். என் மனைவியிடமும் அதையே சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "பாப்பாவை ஏன் அப்படி இழுத்தீங்க?" என்றாள். ஈரம் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதில்லை. உங்களை வரவழைத்ததும் அவள்தான் என்று எனக்குத் தெரியும்.

சரி, உங்கள் கேள்வி. எப்படி ஒரு கீறல்கூட இல்லை?

தினமும் டீ கொண்டுபோகும்போது அவன் கட்டிலில் உட்கார்ந்தபடி, "உள்ள வாங்க அத்தான், உங்க வீடுதானே" என்பான். செருப்பில் சேறு என்பேன். அவனே எழுந்து வந்து வாங்கிக்கொள்வான். கடைசி நாளும் அப்படித்தான் கூப்பிட்டான், நானும் அதையேதான் சொன்னேன். அவன் குனிந்து என் காலைப் பார்த்தான். பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தான். எழுந்திருக்கவில்லை.

செருப்பை நான் எப்போதும் தெருவிலேயே கழற்றிவிட்டுத்தான் வருவேன். வெறுங்காலோடு நின்றிருந்தேன்.