கமாலிக்காவின் பேனாவும் என் காதும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் முகமது இஸ்மாயில் அவர்களே, பாங்கிலிருந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் அதிகாரிகளே, ஜூ டவுன் மிளகு வியாபாரிகளே, சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளித் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் கமாலிக்காவின் மனைவி லதீஃபா இத்தா, அவர்கள் மோள் நௌரின், உங்கள் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மைக்கைக் கொடுக்கும்போது தலைவர் என் காதில், "சங்கரலிங்கம், அஞ்சு நிமிஷம் மதி, போதும். உன் ஜீப்பு மாதிரி நிக்காம ஓடாதே" என்றார். என் ஜீப் நிற்காமல் ஓடியதை இந்த மட்டாஞ்சேரியில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். நான் பேச்சாளன் இல்லை. எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன். எட்டும் எட்டும் பதினாறு, எங்கப்பா பெரிய படிப்பாளி என்று என் மகள் பொன்மணி கேலி செய்வாள். அதனால் பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிழையைப் பற்றிச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

பாங்கின் முதுநிலைக் கள ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற மர்ஹூம் ஜனாப் கமாலுதீன் அவர்கள் நமக்கெல்லாம் கமாலிக்கா. கடன் கேட்டு யார் மனுப் போட்டாலும், அடமானப் பொருளை நேரில் பார்த்துவிட்டு அறிக்கை எழுதுவது அவர் வேலை. பதினேழு வருஷம் அவரை வைத்து பாங்குக்கு என் ஜீப்பை வாடகைக்கு ஓட்டியவன் நான்.

அவர் கையில் இருந்த குத்தூசியை மறந்தவர் இங்கே யார்? சாக்கைக் கிழிக்காமல் உள்ளே குத்தி அடியில் கிடக்கிற மிளகை எடுத்துப் பார்க்கிற அந்த இரும்பு ஊசி. ஒரு தடவை நம் தலைவருடைய கிடங்குக்கே போனோம். கோபித்துக்கொள்ளாதீர்கள் இஸ்மாயிலிக்கா, ஊரறிந்த கதைதான். "எடா கமாலே, நம்ம ரெண்டு பேரும் ஒரே பள்ளியில தொழறவங்க. என் சாக்கையுமா குத்துவே?" என்று கேட்டார். கமாலிக்கா சொன்னார்: "தொழுகையில நீங்க என் பக்கத்துல நில்லுங்க. இப்ப சாக்கு நிக்கட்டும்." குத்தினார். மேலே மிளகு, அடியில் பப்பாளி விதை. மலையிலிருந்து சரக்கு அனுப்பியவன் தலைவரையே ஏமாற்றியிருந்தான். அன்றைக்கு கமாலிக்கா குத்தாமல் விட்டிருந்தால் தலைவர் பெயர் என்ன ஆகியிருக்கும்?

அப்படி எல்லாச் சாக்கையும் குத்திப் பார்த்த மனிதர், ஒரே ஒரு தடவை குத்தாமல் கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டார் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒட்டுப்பலகை செய்கிற ஒரு கம்பெனி கடன் கேட்டது. இடுக்கிப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட்டை வாங்கியிருந்தார்கள். அங்கே சீக்கிரம் வளர்கிற மரங்களை நட்டு, ஏழெட்டு வருஷத்தில் வெட்டிப் பலகை போடுவது திட்டம். பழைய விளைநிலத்தில் நட்டால் கடன் தரலாம். காட்டை அழித்து நட்டால் தரக்கூடாது. பாங்கின் விதி அது. ஆகவே ஒரே கேள்விதான்: அந்தச் சரிவில் இப்போது இருப்பது என்ன?

போனோம். ஒரே பனி, முன்னால் போகிற மாடு தெரியவில்லை. பாதை முடிகிற இடத்தில் லயம், அதாவது எஸ்டேட் தொழிலாளிகளின் வரிசை வீடுகள். கமாலிக்காவுக்கு அன்று முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. "சங்கரா, நீ மேல போயி கண்ணால பாத்துட்டு வா" என்றார். நான் கிளம்பினேன். இருபதடி போயிருப்பேன், காலில் அட்டை. குனிந்து பிடுங்கினால் கையில் அட்டை. பாம்பைக் கூடப் பார்த்துக்கொள்வேன், அட்டை என்றால் எனக்கு உயிர் போய்விடும். அங்கேயே நின்றுகொண்டு, விறகு சுமந்து இறங்கி வந்த மூக்கம்மாள் என்கிற அம்மாவிடம் கேட்டேன்.

"ஆத்தா, மேல என்ன இருக்கு?"

"மேலயா? காடுய்யா. வேற என்ன இருக்கும்?"

எனக்கு விளாத்திகுளம் பக்கம். எங்கள் ஊரில் காடு என்றால் கரிசல் நிலம். பருத்தி போடுவோம், கம்பு போடுவோம், உளுந்து போடுவோம். அப்பா காட்டுக்குப் போயிருக்கிறார் என்றால் களையெடுக்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஆத்தாவோ மூன்று தலைமுறையாக மலையில் இருப்பவர். அவருக்குக் காடு என்றால் மரம் அடர்ந்த காடு. என் காதில் அது எங்கள் ஊர்க் காடாக விழுந்தது. இறங்கி வந்தேன். "விளைநிலந்தான் இக்கா, பாத்துட்டேன்" என்றேன்.

பார்த்துவிட்டேன் என்று சொன்னேன், கவனியுங்கள். கேட்டேன் என்று சொல்லவில்லை.

கமாலிக்கா ஜீப்பின் முன்பலகையில் தாளை வைத்து, "பழைய விளைநிலம், நேரில் பார்க்கப்பட்டது" என்று மலையாளத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். கடன் போனது. அடுத்த கோடையில் மரம் அறுக்கிற வாள் போனது.

இதற்கு நடுவே எனக்கு லாபமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று மூக்கம்மாள் வீட்டில் பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தார்கள். அவர் மகன் சுடலைமணி என் காலில் உப்பு வைத்து அட்டைகளை உதிர்த்தான். நல்ல பையன் என்று மனதில் பட்டது. அடுத்த தடவை அந்த வழியாகப் போனபோது ஜாதகம் கேட்டேன். நிலம் பார்க்கப் போய் மருமகன் பார்த்து வந்த ஒரே டிரைவர் நானாகத்தான் இருப்பேன்.

பொன்மணி கல்யாணம் அந்த லயத்தின் வாசலிலேயே நடந்தது. கமாலிக்கா வந்திருந்தார். அன்று பனி இல்லை. பந்தலுக்கு மேலே சரிவு முழுக்க மொட்டை. சிவப்பு மண், அதில் அடிக்கட்டைகள், நடுநடுவே முழங்கால் உயரத்தில் கம்பெனியின் புதுக் கன்றுகள். அவர் மெதுவாக ஏறிப்போய் ஓர் அடிக்கட்டையின் குறுக்கே இரண்டு கையையும் விரித்தார். விளிம்பு எட்டவில்லை. திரும்பி வந்து மூக்கம்மாளிடம், "இங்க முன்னே என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

"காடுதான் சாரே. அன்னைக்கே உங்க டிரைவருகிட்ட சொன்னேனே."

கமாலிக்கா என்னைப் பார்த்தார். "எங்க ஊர்ல காடுன்னா..." என்று ஆரம்பித்தேன். அவர் திட்டவில்லை. பந்தியில் உட்கார்ந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டார், என் மகளை வாழ்த்தினார். ஜீப்பில் ஏறிய பிறகுதான் சொன்னார்: "உன் காது தப்பாக் கேட்டுது. என் பேனா தப்பா எழுதுச்சு. காது மேல கேஸ் கிடையாது சங்கரா. நீ வண்டியை எடு."

ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது, தன் அறிக்கை தவறு என்று அவரே பாங்குக்கு எழுதிக் கொடுத்தார். என் பெயரை எழுதவில்லை. பாங்க் என்ன சொன்னது தெரியுமா? தவணை ஒழுங்காக வருகிறது, நல்ல கடன், இதில் உங்களுக்கு என்ன சங்கடம் என்றது. மேடையில் இருக்கும் அதிகாரிகள் மன்னிக்க வேண்டும். தவணை கட்டுவது கம்பெனி. அந்த மொட்டைச் சரிவுக்குக் கீழே படுத்துத் தூங்குவது யார்?

அவருக்குப் பிரிவு உபசாரம் நடக்கவில்லை. கமாலு எங்கேயோ கை நீட்டியிருக்கிறான் என்று பஜாரில் பேச்சு வந்தது. இந்த அரங்கத்தில் இருக்கிற சிலரும் பேசினீர்கள். சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே நான் சாயா குடித்தேன். வாய் திறந்தால் பாங்கின் வண்டி ஓட்டம் போய்விடும் என்று பயம். அட்டைக்குப் பயந்தவன் ஆளுக்குப் பயப்படமாட்டானா?

லதீஃபா இத்தா, நாலு வருஷம் உங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்போது நான் ஹாரன் கூட அடித்ததில்லை. காரணம் இதுதான். கமாலிக்கா ஒரு பைசா வாங்கவில்லை. வாங்கியது என் பொய்யை மட்டும்.

இப்போது வருவது நடந்து முடிந்த கதை இல்லை. அதே கம்பெனி மேல் சரிவுக்கும் கடன் கேட்டிருக்கிறது. புதிதாக வந்த ஆய்வாளர் மலைக்கே போகவில்லை. பழைய கோப்பைத் திறந்து, "பழைய விளைநிலம், நேரில் பார்க்கப்பட்டது" என்ற வரியை அப்படியே எடுத்துப் புது அறிக்கையில் போட்டுவிட்டார். வருகிற புதன்கிழமை அது கூட்டத்துக்கு வருகிறது. என் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல் இரண்டாவது சரிவுக்கும் ஏறப் போகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் கமாலிக்கா. மூன்று வாரத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். "சங்கரா, நான் சொன்னா கிழவன் உளர்றான்னு சொல்றாங்க. கேட்டவன் நீ. ஒரு தடவை கூட வந்து நில்லு, மதி" என்றார். திங்கட்கிழமை ஓட்டம் இருக்கு இக்கா என்றேன். ஓட்டம் ஏதும் இல்லை. ஜீப் வீட்டு வாசலில்தான் நின்றது.

அவர் தனியாகப் போனார். எர்ணாகுளத்து அலுவலகத்தின் மூன்றாவது மாடி, காத்திருக்கும் நாற்காலி, மடியில் கோப்பு. தூங்குகிறார் என்று வாட்ச்மேன் நினைத்துவிட்டார். மதிய இடைவேளைக்குப் பிறகுதான் எழுப்பிப் பார்த்தார்கள்.

நான் பக்கத்து நாற்காலியில் இருந்திருந்தால்?

இதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று காலையில் பொன்மணி போன் செய்தாள். லயத்துக்குப் பின்னால் ஓர் ஊற்று உண்டு, வருஷம் முழுக்க வற்றாது. போன வாரம் அது சாயா நிறத்தில் வந்ததாம். முந்தாநாளிலிருந்து வரவே இல்லையாம். அடுப்படிச் சுவரில் ஒரு விரிசல், அதில் அவள் ஐந்து ரூபாய் நாணயத்தைச் செருகிப் பார்த்தாளாம், உள்ளே போய்விட்டதாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்பவே புறப்பட்டு வா என்றேன்.

"நாப்பத்தோரு வீடு இருக்குப்பா. எல்லாரையும் உங்க ஒத்த ரூம்லயா படுக்க வைப்பீங்க?" என்றாள். "நீங்க ஒரு தடவை மேல வந்து பாருங்க. அட்டை கடிக்கத்தான் செய்யும்."

இடவப்பாதி என்கிற பருவமழைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. இங்கே ஓட்டில் காக்கா நடந்தால்கூட மழையோ என்று எழுந்து உட்காருகிறேன். உருள்பொட்டல், அதாவது நிலச்சரிவு என்று பத்திரிகையில் நாம் படித்திருக்கிறோம், படித்துவிட்டு மடக்கி வைத்திருக்கிறோம். மலை இறங்கி வரும்போது ஆளைக் கேட்டா வரும்? மேல் சரிவில் நிற்கிற மரங்கள்தான் அந்த மண்ணை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் விலைதான் புதன்கிழமை கூட்டத்தில் இருக்கிறது.

யாரோ செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். நம் சங்கத்தின் வைப்புப் பணம் அதே பாங்கில்தான் இருக்கிறது. நான் பேத்திக்குக் கட்டுகிற மாதச் சேமிப்பும் அங்கேதான். நாம் போட்ட காசுதான் அங்கே வாள் வாங்குகிறது. நான் நிற்கிற இந்த மேடையைக் குனிந்து பாருங்கள், இதுவும் ஒட்டுப்பலகைதான்.

ஆகவே கமாலிக்கா பெயரால் நான் செய்யப்போவதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். நாளைக் காலையில் மலைக்குப் போகிறேன். நாற்பத்தோரு வீட்டையும் மழைக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொல்லிப் பஞ்சாயத்தில் உட்காருவேன். மேல் சரிவில் உச்சி வரை ஏறுவேன், அட்டை குடிக்கிற ரத்தத்தைக் குடிக்கட்டும். திங்கட்கிழமை அந்த மூன்றாவது மாடிக்குப் போய் அதே நாற்காலியில் உட்காருவேன். தலைவர் அவர்களே, சங்கத்தின் சார்பில் என்னோடு இரண்டு பேரை அனுப்புங்கள். ஓட்டம் போனால் போகட்டும்.

ஒரே ஓர் இடைஞ்சல். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. பாங்குக்கு எழுத்தில் வேண்டும். மோளே நௌரின், உன் வாப்பாவின் பேனா உன்னிடம் இருக்கிறது என்று தெரியும். இவ்வளவையும் கேட்ட பிறகு நீ மாட்டேன் என்றாலும் எனக்குச் சொல்ல வாயில்லை. ஆனால் எழுதித் தா. நான் சொல்லச் சொல்ல எழுது, கீழே என் கையெழுத்து, என் பெயர்.

முதல் வரி இது: மேலே இருப்பது காடு.

மலையாளத்திலேயே எழுது, மோளே. அதில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்.