கழட்டு மாஸ்டரின் வகுப்பு நிற்காது

நம் தொழிற்பாதுகாப்பு ஆசிரியர், நாமெல்லாம் ‘கழட்டு மாஸ்டர்’ என்று கூப்பிட்ட மனிதர், போன செவ்வாய்க்கிழமை வகுப்பை முடித்த கையோடு மாரடைப்பில் இறந்துவிட்டார். மேடையில் இருக்கும் பெரியவர்களே, கடல் தாண்டி வந்திருக்கும் பயிற்சியாளர் அம்மா அவர்களே, பட்டறையை அரைநாள் மூடிவிட்டு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நான் கையுறை வியாபாரி. உள்ளதைச் சொல்கிறேன்: பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு இவரைக் கண்டாலே ஆகாது.

ஒரு பட்டறையில் முந்நூறு ஜோடி விற்றுவிட்டு நிற்கிறேன். மாஸ்டர் இதோ மேடையில் இருக்கும் இந்தப் பயிற்சியாளர் அம்மாவோடு உள்ளே வந்தார். துளைபோடும் மெஷினில் ஒருவர் என் கையுறையோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். “முதல்ல அதைக் கழட்டுப்பா” என்றார் மாஸ்டர்.

“மாஸ்டர், ஏன் என் வயித்துல அடிக்கிறீங்க?”

“உன் வியாபாரம் நாளைக்கும் நடக்கும்யா. இவன் விரல் திரும்ப முளைக்குமா?”

என் கையுறையையே ஒரு குச்சியில் மாட்டி, சுற்றும் துளைமுனையில் லேசாகத் தொட வைத்தார். நூல் சிக்கியது, கையுறை சுருண்டது, குச்சி முறிந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். துளைபோடுகிறவர்களுக்கு விற்ற நாற்பது ஜோடி எனக்குத் திரும்பி வந்தது. மீதியை வெல்டிங் ஆட்களுக்குக் கொடுக்கச் சொன்னவரும் அவர்தான்.

அந்த அம்மா தன் பாடப்புத்தகத்தைத் திறந்தார். பதினோரு நாடுகளுக்குப் போகிற புத்தகம். அதில் துளைபோடுகிறவர் படம், கையில் கையுறை! வெளிநாட்டு விருந்தாளியிடம் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? பல்லை இளித்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்திருப்போம். மாஸ்டர் சொன்னார்: “அம்மா, உங்க ஆளையும் கழட்டச் சொல்லுங்க.”

அடுத்த பதிப்பில் படம் மாறியது. பதினோரு நாட்டிலும் இன்று பார்க்கிற அந்த வெறுங்கை யாருடையது? அன்று கையுறையைக் கழட்டிய, இதோ, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவருடையது. பத்து விரலும் இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள்.

கூட்டுறவு என்றால் இதுதான். வெளிநாட்டார் சொன்னார்கள், நாம் கேட்டோம். நாம் சொன்னோம், அவர்களும் கேட்டார்கள்.

அன்றிலிருந்து மாஸ்டரும் அந்த அம்மாவின் நிறுவனமும் சேர்ந்து நடத்திய கூட்டு வகுப்பு மாஸ்டர் வீட்டு முன்னறையில் நடந்து வந்தது. இடமும் ஆசிரியரும் இல்லையென்றால் இந்த மாதத்தோடு நிற்கும். நிற்க விடலாமா? லேத் பயிற்சி கொடுக்கிற அவர் மகளிடம் இன்று காலை கேட்டேன்.

“நீ நடத்தும்மா. என் கிடங்கு மாடியைத் தர்றேன்.”

“நடத்துறேன் சித்தப்பா. ஆனா நீங்க கீழ கையுறை விப்பீங்க, நான் மேல கழட்டச் சொல்லுவேன். சண்டை வருமே?”

“உங்கப்பாகிட்டயே தோத்தவன், உன்கிட்டயா ஜெயிக்கப் போறேன்?”

பயிற்சியாளர் அம்மாவும் சம்மதித்துவிட்டார். சபையறியச் சொல்கிறேன். ஐந்து வருஷத்துக்கு மாடி வகுப்புக்கு; வாடகை கிடையாது. ஆசிரியர், மாஸ்டரின் மகள். புத்தகங்களும் வருஷத்துக்கு இரண்டு பயிற்சியாளர்களும் அந்த அம்மாவின் நிறுவனத்தின் பொறுப்பு. என் கையுறைப் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் ‘சுற்றும் மெஷின் முன்னால் கழட்டு’ என்று பெரிய எழுத்தில் அச்சடிப்பது என் பொறுப்பு. முதல் வகுப்பு, வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணி.