ராஸ்பெரிப் பெட்டியின் மறுபக்கம்

“அக்கா, இந்தப் பதுளை வெயிலுக்கு ராஸ்பெரி காய்க்குமே?”

“காலமை வெயிலிலை வைச்சு, மத்தியானம் நிழலுக்குத் தூக்கினால் காய்க்கும்.”

“ஒவ்வொரு நாளும் ஆர் தூக்குறது?”

“நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.”

அப்போது என் தங்கை குணமணிக்குப் பதினேழு வயது. சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரைசானி தந்த மூன்று கன்றுகளை, அடியில் துளையிட்ட தேயிலைப் பெட்டிகளில் வைத்தோம். மண் நிறைந்த பெட்டியை ஒருத்தியால் தூக்க முடியாது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆறு வருடம் இருவருமாய்த் தூக்கினோம். அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் நான். கலியாணத்தையும் நானே செய்துவைத்தேன். மாப்பிள்ளை ஜெயரட்ணம் நல்ல வாத்தியார். மொனராகலைக்கு மாற்றலாகி, வீடு பார்க்க முன்னே போயிருந்தார்.

அவள் புறப்பட்ட அன்று வாசலில் நின்று, “அக்கா, போறன்” என்றாள்.

எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் ‘போட்டு வாறன்’, போய்விட்டு வருகிறேன், என்பதுதான் வழக்கம். ‘போறன்’ என்றால் இனி வரமாட்டேன் என்றுதானே பொருள்?

“கொஞ்சம் இரு, பழம் கரைச்சுத் தாறன்” என்றேன். பதினொரு பழம் பழுத்திருந்தது. சீனி போட்டேன். பூச்சிக்கு வைத்திருந்த நஞ்சையும் போட்டேன்.

“கைக்குது, அக்கா.”

“வெயில் பழம் அப்பிடித்தான். மிச்சம் வைக்காதை.”

அவள் அதிகம் கஷ்டப்படவில்லை. கஷ்டப்பட்ட நேரம் தலையை என் மடியில் வைத்திருந்தேன். வளவில் குளிர்ச்சியான இடம் பலாமரத்தடி. அங்கேதான் குழி வெட்டினேன். ஒரு பெட்டியை மட்டும் எப்படியோ இழுத்து மேலே வைத்தேன். நாலாம் நாள் ஜெயரட்ணம் தேடி வந்தபோது, பஸ் ஏற்றிவிட்டேன் என்றேன். மற்ற இரண்டு பெட்டியும் வெயிலில் கருகி நிற்பதைப் பார்த்துத்தான் நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நல்ல கண் உங்களுக்கு. பலாமரத்தடிப் பெட்டியைத் தூக்குவதானால் மறுபக்கம் நான் பிடிக்கிறேன்.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிழை முழுவதும் என்னுடையதல்ல. அவள் கொஞ்சம் முந்திக் கேட்டிருக்கலாம். வெறும் கிளாசை என் கையில் தந்த பிறகுதான் சிரித்துக்கொண்டு சொன்னாள்:

“‘போறன்’ எண்டால் அழுவியளோ எண்டு பார்த்தன். கலியாணம் பேசின நாளிலையிருந்து கேக்கப் பயந்துகொண்டிருக்கிறன், அக்கா. நீங்களும் எங்களோடை வந்து இருங்கோ. பெட்டி தூக்க இனி மூண்டு பேர்.”