துத்தம் போடாத பசை

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். கிளைடரில் ஏறிய முனியராஜ் அண்ணாச்சி, அதைக் கயிறு கட்டி ஜீப்பால் இழுத்த ஜமால் முகம்மது, பக்கத்துக் கொட்டகையில் தூங்க முயன்ற அன்பரசனாகிய நான்.

எனக்குத் தூக்கம் பகலில்தான். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டுத் திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். வீட்டில் அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுவார்கள். கை சுற்றும், வாய் நிற்காது. அதனால் வெம்பக்கோட்டை அணைப் பக்கம் அண்ணாச்சியின் கரிசல் காட்டுக் கொட்டகைக்குக் காவல் என்று வந்து சேர்ந்தேன். நிம்மதியாக இருந்தது. அப்புறம் அவர் பழைய கிளைடர் விமானம் ஒன்றை வாங்கினார்.

என்ஜின் கிடையாது, சத்தமே வராது என்றார். உண்மைதான். ஆனால் அதை மேலே ஏற்ற ஓடும் ஜீப்புக்குச் சைலன்சர் கிடையாது.

"அண்ணாச்சி, சாயங்காலமாப் பறக்கக் கூடாதா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"வெயில் ஏறுனாத்தாம்லே காத்து மேல தூக்கும். பகல்ல தூங்குறதுக்கு நீ என்ன ஆந்தையா?"

ஜமால் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பாராசூட்டை அவரேதான் காட்டினார். முதுகில் மாட்டுகிற பை. "இறக்கை ஒடிஞ்சாலும் வெளிய குதிச்சு இந்தக் கைப்பிடிய இழுத்தாப் போதும், விரிஞ்சிரும். இது இல்லாம நான் ஏறவே மாட்டேன் பாத்துக்க." பாதுகாப்பில் கவனமான மனிதர். அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும்.

பை என் கொட்டகையில்தான் தொங்கும். லீவு நாள் ஒன்றில் மைதாப் பசை காய்ச்சினேன். துணியை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, பசை தடவி, அதே மடிப்பில் வைத்து, வெயிலில் காயவிட்டுப் பையை மூடினேன். சின்ன வயதிலிருந்து குழாய் ஒட்டிய கை. ஒரு சுருக்கம் விழவில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

பசையில் மயில்துத்தம் கலந்தால்தான் பூச்சி அண்டாது. ஆனால் துத்தம் விஷம். முதுகில் படுகிற சாமான் ஆயிற்றே, அண்ணாச்சி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று போடாமல் விட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

அடுத்த முறை பையை மாட்டிக்கொண்டு அவர் மேலே போய் அழகாக இரண்டு வட்டம் அடித்தார். பிறகு கிளைடர் குடித்தவன் மாதிரி ஆடியது. தாழ வந்தபோது அவர் குரல் கேட்டது. என்ஜின் இல்லாததால் தெளிவாகவே கேட்டது.

"எறும்புலே ஜமாலு, எறும்பு."

அணையோரச் சேற்றில் இறக்கிவிட்டு, பையைக் கழற்றி எறிந்து, சட்டையைப் பிய்த்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார். ஜமால் பையின் கைப்பிடியை இழுத்தார். பலகை மாதிரி ஒன்று வந்து விழுந்தது.

"அண்ணாச்சி, அப்பளக் கட்டு மாதிரில்லா இருக்கு." முகர்ந்து பார்த்தார். "மைதா. எவனோ துத்தம் போடாமக் காய்ச்சிருக்கான்."

இருவரும் கொட்டகைக்கு வந்தபோது பசைச் சட்டி கழுவாமல் கிடந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. சொர்ணலட்சுமி மேடம் நல்ல மாதிரி. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

"ஏன்டா, தூக்கந்தான் வேணும்னா பைய ஒளிச்சு வச்சிருந்தாப் போதுமே? அவருதான் அது இல்லாம ஏற மாட்டாரே."

"ஒளிச்சாப் புதுசு வாங்கிருவாரு மேடம்."

"அப்ப, விழுந்து சாகட்டும்னுதான் ஒட்டியிருக்க."

"அப்படிச் சொல்ல முடியாது. விழுறது காத்தோட வேலை. அதுல நான் தலையிடலை. விழுந்தா அரைகுறையா விழக் கூடாது, அம்புட்டுதான்."

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வேற யாரு சத்தம் போட்டாலும் இப்படித்தான் செய்வியா?"

"சேச்சே. முதல்ல மரியாதையாச் சொல்லிப் பாப்பேன்."

அவர் தலையாட்டியதும் ஏட்டையா என்னை லாக்கப்புக்குள் விட்டு, இரும்புக் கதவை டமாரென்று சாத்திப் பூட்டினார். கொஞ்சம் மெதுவாகச் சாத்தக் கூடாதா என்று மரியாதையாகக் கேட்டேன்.